பொட்டு வைப்பதற்கான இடம்

கொட்டாஞ்சேனையில், மாதா கோயில் மணி கேட்கிற ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் நான் வேலை செய்கிற அட்டைப்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. தேயிலைக்கும் சவர்க்காரத்துக்கும் ஊதுபத்திக்கும் பெட்டி அச்சடித்து, வெட்டி, மடித்து, பசை ஒட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். தரத்துக்கும் பராமரிப்புக்கும் நான் பொறுப்பு. இந்தப் பொறுப்பில் இருக்கிறவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும் என்று நம்பியிருந்தேன். என்னுடையது தேவைக்கு மேலேயே நீளம்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பிரசங்கமும் தெரியும். தேவையில்லாததை அகற்று, தேவையானதற்கு ஓர் இடம் கொடு, துடை, எல்லோரும் ஒரே மாதிரிச் செய், செய்வதைப் பழக்கமாக்கு. ஐந்து எஸ் என்று இதைச் சொல்வோம். இந்த நாட்டில் இப்போது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்கூட இதை எழுதித் தொங்கவிட்டிருக்கின்றன. பெரும்பாலானோர் தொங்கவிட்டதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தவில்லை. சுத்தியலுக்கும் ஸ்பனருக்கும் சுவரில் அவற்றின் உருவத்தையே கறுப்பாக வரைந்து, அதற்கு மேல் மாட்டவைத்தேன். விளக்குமாறு நிற்கிற இடத்துக்கும் நிலத்தில் மஞ்சள் கோடு போட்டேன். ஒருமுறை வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் குசினியிலும் டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டினேன். மனைவி சீனி என்று எழுதிய டப்பாவில் உப்பைப் போட்டு வைத்தாள். நான் போட்ட தேநீரை நானே ஒரு வாய் குடித்துவிட்டு அந்த முயற்சியைக் கைவிட்டேன்.

இந்த முறைகளுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது 'ஐந்து ஏன்'. ஒரு பிழை நடந்தால் ஏன் நடந்தது என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்க வேண்டும். அப்படி ஐந்து தரம் கேட்டால் பெரும்பாலும் உண்மையான காரணத்தில் போய் முட்டுவோம். அதில் ஒரு கட்டாய விதி உண்டு. ஏன் என்று கேட்கலாம், யார் என்று கேட்கக்கூடாது. ஆளைப் பிடித்துத் தண்டித்தால் ஆள்தான் மாறுவார், பிழை அதே இடத்தில் இருக்கும். மேல்மாடிச் சாப்பாட்டறையில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்று தமிழிலும் அரைகுறைச் சிங்களத்திலும் இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டு நின்ற என்னை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

எங்கள் பசை ஒட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர் ஒரு முஸ்லிம் மனிதர். என்னைவிட மூத்தவர், தெமட்டகொடையிலிருந்து வருபவர். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் நானா. குரலை உயர்த்தாத மனிதர். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார், அவ்வளவுதான். அந்த இயந்திரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. மடிந்து வருகிற அட்டையின் முன் விளிம்பை அது கண்டவுடன் பசை பீச்சும். கண் கொஞ்சம் பிந்திப் பார்த்தாலும் பசை இடம் தவறி விழும். அந்த நேரம் பெட்டி ஒட்டினது போலத்தான் இருக்கும், பிறகு போய் வாயைப் பிளக்கும். காலையில் இயந்திரத்தைத் தொடங்க முன் அந்தக் கண்ணைத் துடைப்பது நானாவின் வேலை. அதைச் சோதனைப் பட்டியலில் சேர்த்தவன் நான்தான்.

எங்கள் முதலாளி யாழ்ப்பாணத்து வியாபாரக் குடும்பம், பக்திமான். வருடா வருடம் நவராத்திரி முடிவில் தொழிற்சாலையில் வாணி விழா நடக்கும். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, ஐயரைக் கொண்டு பூசை செய்விப்பார். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், கத்தோலிக்கர் என்று எல்லோரும் சுற்றி நிற்பார்கள். பூசையில் நிற்காதவர்களும் அவல் கடலைக்கு நிற்பார்கள். நானாவும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். அன்று அவருடைய இயந்திரம்தான் எல்லாவற்றிலும் அதிகமாக மினுங்கும்.

ஒரு வருடம் ஐயருக்கு அவசரம். இன்னும் நாலைந்து கடைகளில் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு அவர் புறப்பட்டுவிட, முதலாளி சந்தனத் தட்டை என் கையில் தந்தார்.

"தம்பி, மிச்சத்தை நீர் வையும்."

கோயில், சாமி என்பதில் நான் அவ்வளவு தீவிரமில்லை. வெள்ளவத்தையில் கோயிலைக் கடக்கும்போது நெஞ்சில் கை வைப்பேன், பஸ்ஸில் இருந்தால் அதுவும் இல்லை. ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ கைபேசியில் படமும் எடுக்க, என்னைக் காட்டிக்கொள்ள எனக்கு ஓர் எடுப்பு வந்துவிட்டது. சந்தனத்தில் பன்னீர் அதிகம், கூழ் மாதிரி இருந்தது. பெருவிரலால் அள்ளினேன். பசை இயந்திரத்தின் கண்ணுக்கு மேல் ஒரு சின்ன இரும்பு மூடி உண்டு. கண் இருந்தால் அதற்கு மேலே நெற்றிதானே என்று எனக்குத் தோன்றியது. மூடியின் விளிம்போடு தடிப்பாக ஒரு பொட்டு, நடுவில் குங்குமம். படம் நன்றாகத்தான் வந்தது. அதை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

சில வாரங்கள் கழித்து, எங்களிடம் பெட்டி எடுக்கிற தேயிலைக் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது. பெட்டிகள் வாயைத் திறக்கின்றனவாம், எல்லாம் இல்லை, அங்கொன்று இங்கொன்று. இப்படி இருந்திருந்து வருகிற பிழைதான் மிக மோசமானது. இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றால் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். எங்கள் ஃபிட்டர் பசைக் குழாயை மாற்றினார், அழுத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். ஒன்றும் சரிவரவில்லை. கம்பனிக்காரர் தங்கள் ஆளை அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். எனக்குப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

திருப்பி வந்த பெட்டிகளில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நேரே நானாவிடம் போனேன். காலை வேலை உச்சத்தில் இருந்தது. பொதி செய்யும் மேசையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"நானா, காலமை கண்ணைத் துடைச்சனீங்களோ இல்லையோ?"

"தொடச்சேன் சேர். ஆனா அதுல..."

"ஆனா எண்டு ஒண்டும் இல்லை. துடைச்சா ஏன் இந்தப் பெட்டி வாயைத் திறந்துகொண்டு நிக்குது? துடைச்சதெண்டு பட்டியலில சும்மா கோடு போட்டா ஆச்சே? இனி இந்த மெசினில நிக்க வேண்டாம். பின்னுக்குப் போய்க் கழிவு கட்டுங்கோ."

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். அது நின்றதும் நான் கடைசியாகச் சொன்னது எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. தொப்பியைக் கழற்றித் தட்டினார், போட்டுக்கொண்டார், பின்பக்கம் போனார்.

கழிவு கட்டுவது என்றால் வெட்டி மிஞ்சின அட்டைத் துண்டுகளை அமுக்கி, இரும்புப் பட்டி போட்டுக் கட்டி, லொறிக்கு ஏற்றுவது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற வேலை. நானா அதற்குரிய ஆள் இல்லை. அதற்கும் மேலே ஒன்று இருந்தது. புதிய பசை இயந்திரம் ஒன்று வர இருந்தது. அந்தப் பகுதிக்கு அவரைப் பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நானாவின் மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும், மாப்பிள்ளை வீட்டில் அந்தப் பதவியைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அவர் போன பிறகும் பெட்டிகள் வாயைத் திறந்தன. வேறு ஆள் ஓட்டினார், அதே பிழை. வெட்கம் எனக்கு அங்கேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் பழுதாக்கி வைத்ததைத் திருத்த நேரம் எடுக்கிறது என்று நினைத்தேன். ஒருவரில் பிழை கண்டுவிட்டால் மனம் எப்படியெல்லாம் வக்காலத்து வாங்கும் என்று பாருங்கள்.

கடைசியில் ஐந்து ஏன் கூட்டம் போட்டோம். சாப்பாட்டறை, வெள்ளைப் பலகை, என் கையில் மார்க்கர். முதலாளி வந்திருந்தார். ஃபிட்டர் இருந்தார், அவர் சிங்களவர். பொதி செய்யும் பகுதிக்குப் பொறுப்பான அக்கா இருந்தார், கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். நானாவையும் கூப்பிட்டிருந்தேன். அவர் கதவுக்குக் கிட்ட ஒரு கதிரையில் உட்கார்ந்தார். இரும்புப் பட்டி கீறிய கையில் துணி சுற்றியிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெட்டி ஏன் வாயைத் திறக்கிறது? பசை இடம் தவறி விழுகிறது. ஏன்? கண் பிந்திப் பார்க்கிறது. ஏன்? இதற்கு ஃபிட்டர் கொஞ்சம் தயங்கி, கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஏதோ அழுக்குக் காய்ந்து பிடித்திருக்கிறது, இயந்திரம் அதிரும்போது அது உதிர்ந்து இடைக்கிடை கண்ணை மறைக்கிறது என்று சிங்களத்தில் சொன்னார். நேற்றுத்தான் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தாராம். அது என்ன அழுக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அடுத்த கேள்விக்குப் போகிற அவசரம்.

"கண்ணாடியில ஏன் அழுக்கு?"

"துடைக்காதபடியால்" என்று நானே பதிலும் சொல்லி, நானே எழுதினேன். பிறகு நானாவின் பக்கம் திரும்பினேன். இத்தனை நாள் நான் சொன்னதுதானே சரி என்று என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

"இப்ப கடைசி ஏன். ஏன் துடைக்கேல்லை?"

ஃபிட்டர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அக்கா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நான் தொடைக்கல்ல எண்டே எழுதுங்க சேர்" என்றார் நானா. "முடிஞ்சி போகட்டும்."

அவர் சொன்ன விதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. "அது பதில் இல்லை நானா. ஏன் எண்டுதானே கேக்கிறன்?"

அப்போதுதான் அக்கா தலையை நிமிர்த்தினார்.

"சேர், அது நீங்க வச்ச பொட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா தன் நெற்றியில் விரல் வைத்து, அந்த விரலைக் கண் வரைக்கும் இழுத்துக் காட்டினார். "வாணி விழாவுக்கு வச்சீங்கதானே. சந்தனம் தண்ணியா இருந்திச்சி. வடிஞ்சி உள்ளுக்குப் போயிட்டு."

நான் நானாவைப் பார்த்தேன். அவர் ஏதோ தானே பிழை செய்து பிடிபட்டவர் போல மெதுவாகச் சொன்னார்.

"கண்ண ஒவ்வொரு நாளும் தொடச்சேன் சேர். கீழால துணிய விட்டுத் தொடச்சேன். பொட்டுப் பட்ட எடத்துல மட்டும் கை வைக்கல்ல. உங்கட சாமிக்கு வச்சது. நான் எப்பிடி அழிக்கிற?"

அவருக்குப் பதிலாக ஓட்டியவரும் அழிக்கவில்லை. மூடியைக் கழற்றிய ஃபிட்டரும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பப் பூட்டியிருந்தார். தொழிற்சாலை முழுக்க அந்தப் பொட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்திருக்கிறது. அதை வைத்த எனக்கு, படம் எடுத்த பிறகு அதன் நினைவே இல்லை. சாமிக்கென்று வைத்தேனா, படத்துக்கென்று வைத்தேனா என்று கேட்டால், படத்துக்குத்தான். இவர்கள்தான் அதைச் சாமிக்கு வைத்ததாக எண்ணி மரியாதை கொடுத்திருக்கிறார்கள். அந்த மரியாதைக்காக ஒரு மனிதர் கழிவு கட்டப் போயிருக்கிறார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல். சொல்ல வந்த ஒரே தடவை, ஆனா என்று தொடங்கிய இடத்திலேயே நான் வெட்டிவிட்டேன்.

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நல்லது என்று இருந்தது. மார்க்கரின் மூடி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

முதலாளிதான் முதலில் பேசினார். "தம்பி, பொட்டெண்டு எழுதிப்போடாதையும். கம்பனிக்காரன் சிரிப்பான். சாமியைக் குற்றம் சொன்ன மாதிரியும் போகும். தூசி எண்டு எழுதும்."

தூசி என்று எழுதினால், துடைக்காதவர் நானா என்று ஆகும். கம்பனிக்குப் போகிற அறிக்கையில் இயந்திரம் ஓட்டுபவரை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி சேரும். அந்த வரியோடு புதிய இயந்திரமும் போகும், மாப்பிள்ளை வீட்டுக் கதையும் போகும். அவ்வளவும் அந்த மார்க்கரில் இருந்தது. முதலாளிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அவருக்குச் சாமி பெரிது.

"இல்லை" என்றேன். "நான்தான் காரணம் எண்டு எழுதுறன். என்ர பேரையே போடுறன்."

அதில்கூட ஓர் எடுப்பு இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஒருவரும் மெச்சவில்லை. ஃபிட்டர்தான் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். யார் என்று கேட்கக்கூடாது, ஏன் என்றுதான் கேட்க வேண்டும், சேர் சொல்லித் தந்ததுதானே என்றார். அக்காவும் தலையாட்டினார். "ஓம் சேர், ஆளுட பேரு போடக்கூடாதே. பொட்டு ஏன் அந்த இடத்துல வச்சது? வைக்க ஒரு இடம் குறிச்சி இல்ல. அதத்தான் எழுதணும்."

நானாவும் சேர்ந்துகொண்டார். "அதான் சரி சேர். இல்லாட்டி அடுத்த வருசம் வாணி விழாவையே நிப்பாட்டிருவாங்க. நாங்க அவல் கடலைக்கு எங்க போற?"

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும் சிரித்தார். நான் பலகையில் எழுதினேன்: இயந்திரத்தில் பூசைப் பொட்டு வைப்பதற்கான இடம் குறிக்கப்படவில்லை. முறைப்படி பார்த்தால் மிகச் சரியான பதில். யார் மீதும் குற்றம் இல்லை, திருத்தவும் சுலபம். எழுதி முடித்துத் திரும்பும்போது என் கண்ணில் பட்டது நானாவின் கையில் சுற்றியிருந்த துணிதான். என் முறை வந்தபோது அந்த விதியை எல்லோரும் ஞாபகம் வைத்திருந்தார்கள். அவருடைய முறை வந்தபோது அதை மறந்தவன், விதியைக் கற்றுக்கொடுத்த நான் ஒருவன்தான்.

பொட்டைச் சுரண்டி எடுத்ததும் பிழை நின்றது. மறுநாளே நானா தன் இயந்திரத்துக்குத் திரும்பினார். புதிய இயந்திரம் வந்தபோது அதற்கும் அவர்தான் பொறுப்பாளர். மகளின் கலியாணத்துக்கு எல்லோரும் போய்ப் புரியாணி சாப்பிட்டோம். எல்லாம் நன்றாக முடிந்தது என்று யாரும் சொல்வார்கள். எனக்குத்தான் அவரைக் காணும்போதெல்லாம் உடம்பு கூசியது. அவர் வழக்கம்போலச் சலாம் சொல்வார். நான் ஏதாவது போல்ட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

ஒரு பின்னேரம் வெள்ளவத்தை வீட்டில், பல்கனியில் காய்ந்த உடுப்பை மடித்துக்கொண்டு மனைவி கேட்டாள்.

"அந்த மனிசனிட்ட மன்னிப்புக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"எங்க வச்சு?"

"படிக்கட்டில. ஒருத்தரும் இல்லாத நேரம்."

"அவரை அனுப்பினது எங்க வச்சு?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த சேட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து கேள்விகூடத் தேவைப்படவில்லை. கீழே, காலி நகருக்குப் போகிற பெருவீதியில் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாணி விழா வந்தது. இப்போது ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கவாட்டிலும், கண்ணுக்கும் பசைக்கும் எட்டாத இடத்தில், மஞ்சள் டேப்பால் ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. முதலாளி தட்டை நீட்டினார். வாங்கினேன். சந்தனத்தை விரல் நுனியில் தொட்டு நானாவின் இயந்திரத்தில் சதுரத்துக்குள் வைத்தேன். பூசை முடிந்ததும் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம், அதற்காக நானா பச்சைப் பொத்தானுக்குக் கிட்ட நின்றார். அக்கா, ஃபிட்டர், மேசைப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு நின்ற அதே ஆட்கள், அதே இடம்.

"ஒரு நிமிசம்" என்றேன். "இந்த இடத்தில வச்சுத்தான் நான் நானாவை அனுப்பினனான். உங்கள் எல்லாருக்கும் முன்னால. அவரில ஒரு பிழையும் இல்லை. அவர் சொல்ல வந்ததைக் கேக்காம..."

நானாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்திருந்தார். தொப்பியைக் கழற்றினார், தட்டாமல் கையிலேயே வைத்திருந்தார். காது மடல் சிவந்திருந்தது. என் வெட்கத்தைக் கழுவ, அத்தனை பேருக்கு முன்னால் இரண்டாம் தரமும் அவரை நிறுத்தி வைத்திருந்தேன்.

"நல்ல நேரம் போவுது சேர்" என்று சொல்லி அவர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் எழுப்பிய சத்தத்தில் நான் அதற்குப் பிறகு சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது. சொல்லி முடித்தேன். மறுமுனையில் பெட்டிகள் வரத் தொடங்கின. நானா முதல் பெட்டியை எடுத்து, ஒட்டு சரியா என்று விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு என் கையில் தந்தார்.